ஊவா மலைநாட்டில் ஸ்பானிய மனைப்பாங்கு: ஒரு திறனாய்வு

மனை என்பது காலநிலை கேட்கும் வினாக்களுக்கு மனிதன் கூறும் விடையாகும். வெயிலின் வினாவுக்குச் சுவரும், மழையின் வினாவுக்குக் கூரையும், காற்றின் வினாவுக்கு யன்னலும் விடையாகின்றன. அவ்விடை தலைமுறை தலைமுறையாகத் திருத்தம் பெறுங்கால் அதற்கென ஒரு பாங்கு அமைகின்றது. பாங்கு முதிர்ந்து அழகெனப் பெயர் பெறுகின்றது. ஆதலின் ஒரு நாட்டின் மனையழகைப் பிறிதொரு நாட்டுக்குக் கொண்டுசெல்ல விழைபவர் முதற்கண் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. அவ்விடை பிறப்பதற்குக் காரணமாயிருந்த வினா, கொண்டுசெல்லும் நாட்டிலும் கேட்கப்படுகின்றதா என்பதே அது.

வீட்டலங்காரம் கூறும் நூல்களும் படங்களும் இன்று உலகெங்கும் போற்றும் பாங்குகளுள் ஸ்பானியப் பாங்கு ஒன்று. அதனைப் பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டப் புறங்களிலும் கைக்கொள்ள விரும்பும் ஒருவர் எவற்றைக் கொள்ளலாம், எவற்றைத் தள்ளலாம் என ஆராய்வது வெறும் அலங்கார ஆராய்ச்சியன்று. மலைநாட்டில் மனையென்பது யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்ற பெரிய வினாவும் அவ்வாராய்ச்சியுள் அடங்கிக் கிடக்கின்றது.

ஸ்பானிய மனைக்கு அந்நூல்கள் வகுக்கும் இலக்கணத்தைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். புறத்தே, சுண்ணாம்பு தீற்றிய தடித்த வெண்சுவர், அதன்மேல் அரைவட்டச் செவ்வோடு, வாயிலிலும் விறாந்தையிலும் வளைவுகள், சிறிய யன்னல்களுக்கு இரும்புக் கம்பிப் பின்னல், கனத்த மரக்கதவு. அகத்தே, சுட்ட மண் தளம். கரிய மர உத்திரங்கள் வெளிப்படத் தோன்றும் முகடு. படிக்கட்டின் முகப்பிலும் சுவரின் அடிப்பகுதியிலும் வண்ண மெருகோடுகள். இவையனைத்துக்கும் நடுநாயகமாய் வானம் நோக்கித் திறந்த முற்றம், முற்றத்தில் ஒரு நீரூற்று, சுற்றிலும் பூச்சட்டிகள். இவற்றுள் ஒன்றேனும் அழகுக்காகவே தோன்றியதன்று என்பது அறியத்தக்கது.

ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியா கோடையில் மழையறியா நாடு. அங்கு உரோமர் ஆண்ட காலத்திலேயே நடுவே முற்றமமைந்த வீடுகள் இருந்தன. கி.பி. 711ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்த முஸ்லிம்கள், பாலைநிலத்து மக்களின் நீரறிவையும் தோட்ட வேட்கையையும் அம்முற்றத்துள் புகுத்தினர். கிரனாடா நகரில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அல்ஹம்பிரா மாளிகையின் சிங்க முற்றம் அக்கலையின் கொடுமுடி. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்துள் இறங்கித் தங்கும். தடித்த சுவர்கள் அக்குளிர்ச்சியைப் பகலிலும் காக்கும். நீரூற்றும், நனைந்த சட்டிகளும் உலர்ந்த காற்றுக்கு ஈரத்தை ஈந்து வெம்மையைத் தணிக்கும். வெண்சுண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்பும்; சிறு யன்னல் அதனை உள்ளே விடாது. வண்ண ஓட்டுக்கு வழங்கும் ‘அசுலேகோ’ என்னும் பெயரும் அவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றது. நீலத்தைக் குறிக்கும் ‘அசூல்’ என்ற சொல்லிலிருந்து அது பிறந்ததென்பார் உளர், அது பிழை. மெருகிட்ட சிறு கல்லைக் குறிக்கும் அரபுச் சொல்லே அதன் மூலம். உரோமரும் அரபியரும் கிறித்தவரும் கைகலந்து ஆக்கிய இப்பாங்கைத் தூய ஓரினத்தின் பாங்கெனக் கூறவியலாது. கடன்கொள்ளுதல் இழிவன்று, அறிந்து கடன்கொண்டமையே அந்தலூசியாவின் பெருமை.

இப்பாங்கு உலகப் பாங்காக மாறியது ஸ்பெயினிலன்று, கலிபோர்னியாவிலாகும். 1915ஆம் ஆண்டில் சான் டியாகோ நகரில் திறக்கப்பட்ட கண்காட்சிக்குக் கட்டடக் கலைஞர் பெர்ட்ராம் கூட்ஹியூ ஸ்பானியக் குடியேற்றக் காலத்துப் பாங்கில் மண்டபங்களை அமைத்தார். 1925 ஜூன் 29ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சிதைந்த சாந்தா பார்பரா நகரம் அப்பாங்கிலேயே மீண்டும் எழுந்தது. ஆங்கும் கோடை உலர்ந்தது, வெயில் கடியது, ஆகவே அக்கடன் பெரிதும் பொருந்திற்று. ஆயின், அங்கிருந்து நிழற்படங்களின் வழியே அது பிற நாடுகளுக்குப் பரவியபோது பாங்கு வேறு, காரணம் வேறு எனப் பிரிந்தன. வளைவு சுமை தாங்காது நின்றது. முற்றம் சுருங்கி முன்புறத்துப் புல்தரையாயிற்று. தடித்த சுவர் மெலிந்து பூச்சில் மட்டும் தடித்தது. விடை இருந்தது, வினா மறந்தது.

இங்ஙனம் கலிபோர்னியாவைச் சுற்றி வந்த பாங்கை ஊவாவுக்கு முற்றிலும் புதிய விருந்தெனக் கருதுதலும் பொருந்தாது. ஐபீரிய நாட்டவர் இம்மலைகளை 17ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசனுக்கு உட்பட்டிருந்தன. 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா ஊவாவுட் புகுந்து பதுளையை எரியூட்டித் திரும்புங்கால், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் கண்டிப் படையால் வீழ்த்தப்பட்டான். அவன் பணிபுரிந்த மன்னன் ஸ்பெயினின் நான்காம் பிலிப்பே. வாளொடு வந்தோர் கட்டடம் எதனையும் பதுளையில் விட்டுச்சென்றாரல்லர். ஆயின், கரையோரத்தில் அவர்கள் விதைத்த சொற்கள் மலையேறி வந்து தமிழர் மனைகளுட் குடிபுகுந்தன. யன்னல், கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, குசினி என ஈழத்துத் தமிழர் நாள்தோறும் வழங்கும் மனைச்சொற்கள் போர்த்துக்கேயத்தின் வழிவந்தவை. அவற்றுள் மேசையும் வாங்கும் அலுமாரியும் ஸ்பானிய மொழியிலும் ஏறக்குறைய அதே உருவில் வழங்குகின்றன. தோட்டத் தொழிலாளர் தம் லயத்து அறையை வழங்கும் ‘காம்பரா’ என்ற சொல்லும் போர்த்துக்கேயக் ‘கமரா’வின் வழித்தோன்றலே. அதன் முன்னுள்ள ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தர் தந்தது. மனைக்குரிய சொற்களெல்லாம் வந்துசேர்ந்த இடத்தில் மனை வந்துசேரவில்லை என்பது எண்ணத்தக்கது.

இனி, நிலத்தின் வினாவைக் காண்டல் வேண்டும். கிரனாடா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 738 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளையின் உயரமோ ஏறத்தாழ 680 மீற்றர். உயரத்தால் ஒத்த இவ்விரு நகரங்களும் மழையால் முற்றும் மாறுபட்டன. கிரனாடாவில் ஆண்டு மழை 400 மில்லிமீற்றருக்கும் குறைவு. பதுளையிலோ 1,700 மில்லிமீற்றருக்கு மேல். அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்க்கின்றது. ஆயினும் ஊவாவுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குப்புற மலைகளைக் கடந்து ஈரமிழந்து இறங்கும் கச்சான் காற்று இச்சரிவுகளை உலர்த்துகின்றது. அவ்வுலர் காற்றின் பயனாகவே ஊவாத் தேயிலை தன் தனிச்சுவையைப் பெறுகின்றது. ஆக, ஊவாவில் ஆண்டின் ஒரு பகுதி அந்தலூசியாவை ஒத்தது. மறுபகுதி அதற்கு நேர்மாறானது. இவ்விரண்டனுள் கொடுமை மிக்கது மழைக்காலமே. வெயிற்காலத்துக்கென மட்டும் அமைத்த மனை அம்மாதங்களில் தோல்வியுறும்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஸ்பானிய உறுப்புகளை ஒவ்வொன்றாக அளந்து நோக்கலாம். முதற்கண் கூரை. அரைவட்ட ஓடு ஈழத்தார்க்குப் பழகிய பொருளே. ஹாலிஎலவுக்கு அண்மையில் ஓடையொன்றின்மேல் நிற்கும் போகொட மரப்பாலமும் ஓட்டுக்கூரை வேய்ந்ததே. ஆயின், அந்தலூசியக் கூரை சாய்வு குறைந்தது. அதன் இறவாரமும் குறுகியது. மழை அரிதாகிய நாட்டில் அது போதும். கண்டியக் கூரையோ செங்குத்தாக எழுந்து, கீழே சாய்வு தணிந்து, அகன்ற இறவாரமாக நீண்டு சுவரைக் காக்கின்றது. ஆகவே செவ்வோட்டை ஏற்றுக் குறுகிய இறவாரத்தைத் தள்ளுதலே அறிவுடைமை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நெளிதகட்டின்மேல் அரைவட்ட ஓட்டைப் பதித்து, ஓட்டின் அழகையும் தகட்டின் காவலையும் ஒருங்கே பெற்றமை இத்துறையில் நல்ல எடுத்துக்காட்டு. அவர் காலத்து நெளிதகடு கல்நார் கலந்தது. அதன் தீங்கு அறியப்பட்ட இக்காலத்தில் வேறு தகடு கொள்ளல் வேண்டும்.

அடுத்து வளைவு. வளைவின் சிறப்பை அறிய ஊவா மக்கள் ஸ்பெயினுக்குச் செல்லவேண்டுவதில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ஆம் ஆண்டில் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலம் உருக்கின் துணையின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுந்து, நூறாண்டு கடந்தும் புகைவண்டியைத் தாங்கி நிற்கின்றது. அதன் வளைவுகள் அழகியவை. அழகுக்காக வளைந்தவை அல்ல. மேலிருந்து இறங்கும் சுமையை இருபுறமும் பகிர்ந்து தூண்களுக்கு ஈவதற்காகவே வளைந்தன. கல்லையும் செங்கல்லையும் மட்டும் கொண்டு இடைவெளி கடத்தல் வளைவுக்கே இயலும். கொங்கிறீற்று உத்திரம் சுமையைத் தாங்க, அதன்கீழே பலகையாலும் பூச்சாலும் வளைவை எழுதுதல் அவ்வுத்திரத்தை மறைக்கும் திரையேயன்றி வளைவாகாது. செங்கல்லால் உண்மையாகவே கட்டப்பட்ட ஒரு வளைவு, பூச்சால் ஆன பத்து வளைவுகளினும் சிறந்தது.

வெண்சுவரும் இவ்வாறே ஆராயத்தக்கது. சுண்ணாம்பு சுவருக்கு மூச்சு விட வழி தருவது, பாசியை எதிர்ப்பது, மலிவானது. பூப்பூத்த நெகிழிச் சாயங்களை விட அது இம்மலைக்கு ஏற்றது. ஆயின் ஊவாவின் செம்மண், மழைத்துளியொடு தெறித்துச் சுவரின் அடியைக் கறைப்படுத்தும். அந்தலூசிய ஊர்களிலும் இவ்விடர் உண்டு. அதற்காகவே அங்குச் சுவரின் அடிப்பகுதியைக் காவி நிறத்தில் ஒரு பட்டையாகத் தீட்டுவர். கோயில் மதில்களில் காவியும் வெள்ளையும் கண்டு பழகிய கண்ணுக்கு இஃது அயலாகாது. அலங்கார நூல்கள் பெரிதும் பேசாத இச்சிறு பட்டையே, ஸ்பெயினிலிருந்து ஊவாவுக்கு உரிமையொடு வரத்தக்க பொருள்களுள் ஒன்று.

அகத்து அணிகளுள் தளம் முதன்மையானது. சுட்ட மண் தளம் பதுளையின் வெம்மைக்கு இனியது. அப்புத்தளையின் மார்கழிப் பனிக்கு ஒவ்வாதது. ஏறத்தாழ 1,400 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வூரில் மனையின் வினா வெயிலை எவ்வாறு தடுப்பது என்பதன்று. வெம்மையை எவ்வாறு காப்பது என்பதே. ஆங்குச் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931ஆம் ஆண்டில் எழுப்பிய அடிஷாம் மாளிகை ஆங்கிலப் பழம்பாங்கின் படியேயாகும். அதன் பெயரும் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரே. அஃது ஏக்கத்தில் பிறந்த படி என்று குறை கூறலாம்; ஆயினும் குளிர்நாட்டு மனையைக் குளிர்மலையில் வைத்தமையால் அது காலநிலையொடு மாறுபடவில்லை. சிறிய யன்னலும் குளிர்தளமும் கொண்ட ஸ்பானிய மனையை அதன் அருகே வைப்பின் அது நடுங்கும். ஆகவே ஊவா முழுமைக்கும் ஒரே இலக்கணம் வகுத்தலும் பிழையே. பதுளைக்கும் பசறைக்கும் ஒத்தது பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் ஒவ்வாது.

வண்ண ஓட்டினைப் பொறுத்தவரை, தமிழுலகு தன்னிடத்தேயே ஒரு விடையை வைத்திருக்கின்றது. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சாந்தை வார்த்துச் சீமெந்தும் மணலும் இட்டுச் சூளையின்றி ஆக்கும் ஓடு, 19ஆம் நூற்றாண்டில் பார்சிலோனா நகரில் வளர்ந்த சுடாத சீமெந்து ஓட்டின் உறவே. ஈழத்தின் பழைய வீடுகளிலுள்ள மெருகிட்ட சிவப்புச் சீமெந்துத் தளமோ அதனினும் எளியது, செலவு குறைந்தது, ஸ்பானியச் செம்மண் தளத்தின் நிறத்தையும் பெரிதும் ஒத்தது. அயல்நாட்டு ஓட்டினை வருவித்துப் பதிப்பதை விட அத்தளத்தை நன்கு இழைத்து, வாயிற்படியிலும் அடுப்பங்கரைச் சுவரிலும் மட்டும் வண்ண ஓடு சிலவற்றைப் பதித்தல் அளவறிந்த அழகாகும். அணி எங்கும் நிறைந்தால் எங்கும் தோன்றாது என்பது கவிதைக்கும் மனைக்கும் பொதுவான இலக்கணம்.

இறுதியில் முற்றம். ஸ்பானிய மனையின் உயிர் இதுவே. ஊவாவில் மிகுந்த கவனத்துக்குரியதும் இதுவே. முற்றம் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் அயற்பொருளன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும், செட்டிநாட்டு வளவும், சிங்கள வளவ்வைகளின் ‘மெத மிதுல’வும் அதன் வடிவங்களே. கொழும்பில் 1960–62ஆம் ஆண்டுகளில் எனா டி சில்வாவுக்காகப் பாவா அமைத்த வீடு அம்முற்றத்தை நவீன வாழ்வுக்கு மீட்டுத் தந்தது. எனினும் இவையெல்லாம் சமநிலத்து முற்றங்கள். சரிவில் மனை அமைப்போர் கற்கவேண்டிய பாடத்தை, கண்டியில் 1951ஆம் ஆண்டளவில் மினெட் டி சில்வா அமைத்த கருணாரத்ன இல்லம் கற்பிக்கின்றது. அது மலையை வெட்டிச் சமப்படுத்தாது, மலையின் படிகளையே தன் தளங்களாகக் கொண்டது.

ஊவாவில் இப்பாடம் அழகுக்குரியது மட்டுமன்று, உயிருக்குரியது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் பல இடங்களில் இடிந்து உயிர்களைக் கொண்டன. மண்ணுள் இறங்கித் தேங்கும் நீரே சரிவின் முதற்பகை. அவ்வாறாயின், கூரைநீர் அனைத்தையும் உள்நோக்கிச் சொரிந்து, நடுவே குளமும் ஊற்றும் வைத்து மகிழும் முற்றத்தை வடிகாலின்றி மலைச்சரிவில் அமைப்பது பேதைமை. ஊவாவின் முற்றம் மூன்று புறம் அடைத்து, சரிவு இறங்கும் நான்காம் புறம் திறந்து, நீரைக் கல் பாவிய வாய்க்காலால் தொலைவிலுள்ள ஓடைக்குச் செலுத்துவதாய் இருத்தல் வேண்டும். அந்தலூசியன் நீரை வரவேற்றான். ஊவாவில் வாழ்வோன் அதனை வழியனுப்பக் கற்றல் வேண்டும்.

இதுகாறும் கூறியன தம் நிலத்தில் தம் விருப்பப்படி மனை எழுப்ப வல்லார்க்கு உரியவை. ஊவாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோருள் மிகப் பலர்க்கு அவ்வுரிமை இருந்ததில்லை. கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் கட்டப்பட்ட லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகிய ஒரு காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் உலகமாயின. சுவர் தோட்டத்துக்கு உரியது. கூரைத் தகரமும் தோட்டத்துக்கு உரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றோராக்கியது. அக்குறை சட்டத்தளவில் முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. நாடு தன்னதன்று, சுவர் தன்னதன்று என்னும் நிலையில் உள்ளவன் எச்சுவரை எதற்காக அணிசெய்வான்?

ஆயினும் அவன் அணிசெய்தான். அவள் அணிசெய்தாள் என்பது அதனினும் உண்மை. மண் தளத்தைச் சாணமிட்டு மெழுகினாள், வாசலில் கோலமிட்டாள், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சுவருக்கு வெள்ளை பூசினாள், நாட்காட்டித் தெய்வப் படங்களால் சுவரின் வெடிப்பை மறைத்தாள், வெறுமையான பால்மாத் தகரத்தில் மண்ணிட்டு டேலியாவும் சாமந்தியும் வளர்த்து இஸ்தோப்பின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். இதனை வறுமையின் ஒப்பனை என எள்ளுவோர் கொர்தோபா நகரின் வரலாற்றை அறிந்தால் நாணுவர். ஸ்பானிய மனையழகின் முடிமணியெனப் போற்றப்படும் கொர்தோபா முற்றங்களுள் பல செல்வர்தம் முற்றங்களல்ல. ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல ஏழைக் குடும்பங்கள் ஆளுக்கோர் அறையில் வாழ்ந்து, கிணற்றையும் துணி துவைக்கும் இடத்தையும் பொதுவாகக் கொண்ட கூட்டு இல்லங்களின் முற்றங்கள் அவை. சுவர் முழுதும் தொங்கும் சட்டிகளுக்கு நீரூற்ற, நீண்ட கோலின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டிக்கொள்வர். அந்நகரில் முற்றங்களுக்குரிய போட்டி முதன்முதலாக நடைபெற்றது 1921ஆம் ஆண்டில், அதாவது ஒன்பது வளைவுப் பாலம் முடிவுற்ற அதே ஆண்டில். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விழாவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. அங்குப் போற்றப்பட்டது சலவைக்கல் ஊற்றன்று. நெருங்கி வாழ்வோர் தமக்குள் பகிர்ந்துகொண்ட சிறு வெளியும், அதில் அவர்கள் வளர்த்த பூவுமே.

ஆகவே, ஸ்பானிய மனைப்பாங்குக்கு ஊவாவில் உண்மையான உறவு எது என ஆராய்வார்க்கு, வளைவு வைத்த புதுமாளிகையினும் தகரச்சட்டிப் பூ வைத்த இஸ்தோப்பே அண்மையில் நிற்கும். இரண்டனுக்கும் இடையே உள்ள வேறுபாடும் மறைக்கற்பாலதன்று. கொர்தோபாவின் கூட்டு இல்லத்தில் அறைகள் முற்றத்தை நோக்கியிருந்தன, ஒருவரையொருவர் நோக்கியிருந்தன. லயத்திலோ காம்பராக்கள் ஒரே வரிசையில், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. முன்னது கூடி வாழ்வதற்காக வகுத்தது. பின்னது கணக்கெடுப்பதற்காக வகுத்தது. அந்த அமைப்பினுள்ளும் மக்கள் கூடி வாழ்ந்தனர் என்பதே லயத்து மக்களின் வெற்றி.

இன்று நிலைமை மெல்ல மாறிவருகின்றது. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் எனும் கொள்கை 2015ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியொடு மலையகத் தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. முதலிற் கட்டிய தனிவீடுகளின் பரப்பு 550 சதுர அடி. அவற்றின் சீரான வடிவம் கண்டு சலிப்போர் உளர். ஆயின் கணக்கைச் சற்று நோக்குதல் நன்று. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு கொள்ளும் 550 சதுர அடி போக எஞ்சுவது ஏறத்தாழ 1,350 சதுர அடி. அதாவது, கூரையின்கீழ் உள்ளதனைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வெளி, வானத்தின்கீழ் அக்குடும்பத்துக்கு உரியதாகின்றது. கட்டிய வீடு அனைவர்க்கும் ஒன்றாயினும் அவ்வெளி ஒவ்வொருவர்க்கும் வேறாதல் கூடும். முற்றம் பிறக்கவேண்டிய இடம் அதுவே.

அங்குச் செய்யத்தக்கன பெருஞ்செலவினவும் அல்ல. வீட்டின் பின்புறத்து வெட்டுச்சரிவை முதலில் வலுப்படுத்தி, கூரைநீருக்கு வாய்க்கால் அமைத்தல். முன்புறத்தில் அகன்ற இறவாரமும் அதன்கீழ் ஒரு திண்ணையும் வைத்தல். சுவருக்குச் சுண்ணமும் அடியிற் காவிப் பட்டையும் தீட்டுதல். அயலவர் வீட்டோடு சேர்த்து ஒரு பொது வெளியை விட்டு, அதன் விளிம்பில் பூச்சட்டிகளை வைத்தல். இவற்றுள் முதலாவது பொறியியலாரும் அரசும் உதவ வேண்டிய பணி. அது நிறைவேறாதவிடத்து ஏனையவற்றைப் பேசுதல் நகைப்புக்கிடமாகும். பாதுகாப்புக்குப் பின்னரே அழகு. ஆயின் பாதுகாப்பு வந்த பின்னரும் அழகு வேண்டாவென்பாரும் உளர். அவர் கூற்று ஏழைக்குக் கூரை போதும் என்னும் பழைய துரைமார் கூற்றின் எதிரொலியே.

மனையை அணிசெய்தல் உரிமையின் முதற்குறி. தன்னுடையதல்லாச் சுவரையும் தன்னுடையதெனப் பாவித்துப் பூவைத்த ஒரு மக்கட்கூட்டம், தன்னுடையதாகிய சுவரைப் பெறும் நாளில் எத்தகைய அழகை ஆக்கும் என்பதே ஊவா எதிர்நோக்கி நிற்கும் வினா. அதற்கு விடை காணுங்கால் கிரனாடாவின் மாளிகையும் கலிபோர்னியாவின் நிழற்படமும் ஓரளவே துணைசெய்யும். நீருக்கு வழிவிட்டு, வெயிலுக்கு நிழலிட்டு, அயலவர்க்கு இடம் வைத்துக் கட்டிய மனை எம்மொழியில் பெயர் பெறினும் சிறந்த மனையே. அம்மூன்றும் இல்லாத மனைக்கு எத்துணை வளைவுகள் இருந்தும் பயனில்லை.